துயரச் சைகை எதிர்ப்புச் சைகையாதல்: ‘கேச்சிங் ஃபயர்’ புதினமும் தென்கிழக்கு ஆசியப் போராட்டங்களும்

முன்னுரை

அமெரிக்க எழுத்தாளர் சுசான் காலின்ஸ் இளையோருக்காக எழுதிய ‘தி ஹங்கர் கேம்ஸ்’ 2008இலும், அதன் தொடர்ச்சியான ‘கேச்சிங் ஃபயர்’ 2009இலும் வெளிவந்தன. இப்புதினங்களில் இடம்பெறும் மூன்றுவிரல் வணக்கம் 2014 முதல் இராணுவ ஆட்சிக்கு எதிரான அடையாளமாகத் தென்கிழக்கு ஆசியாவில் வழங்கலாயிற்று. அதன் பொருள் மாறிய முறையை இக்கட்டுரை ஆராய்கிறது.

புதினத்தில் பொருள் மாற்றம்

முதல் நூலில் இச்சைகை பன்னிரண்டாம் மாவட்டத்தின் பழைய வழக்கமாகும்; இறுதிச் சடங்குகளில் அரிதாகக் காணப்படுவது. நன்றி, மதிப்பு, பிரிவு ஆகியவற்றை அது உணர்த்தும். தொடர்ச்சியில், போட்டியில் மாண்ட சிறுமி ரூவின் பதினோராம் மாவட்டத்திற்குக் காட்னிஸ் வெற்றிப் பயணமாகச் செல்கிறாள். ரூவின் இசையை ஒரு முதியவர் சீழ்க்கையடிக்க, கூடியிருந்தோர் ஒருசேர அவ்வணக்கத்தைச் செய்கின்றனர். முதியவர் சுட்டுக் கொல்லப்படுகிறார். எனவே, துயரச் சைகையைக் கிளர்ச்சிச் சைகையாக்கியதில் மக்களின் ஒற்றுமைக்கு உள்ள பங்கு அரசின் தண்டனைக்கும் உண்டு.

தாய்லாந்து

2014 மே 22 அன்று பிரயுத் சான்-ஓ-சா தலைமையில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ அரசியல் நோக்கில் கூடுவது தடைசெய்யப்பட்டது. பதாகையோ முழக்கமோ வேண்டாத இச்சைகை அச்சூழலுக்குப் பொருந்தியது. மூன்று விரல்களுக்குச் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் எனப் போராட்டக்காரர் சிலர் பொருள் உரைத்தனர். புதினத்தில் இவ்விளக்கம் இல்லை. அவ்வாண்டு நவம்பரில் கோன் கேன் நகரில் பிரயுத்தின் முன்னிலையில் இவ்வணக்கம் செய்த ஐந்து மாணவர்கள் தடுத்து வைக்கப்பட்டனர். ஆயினும் சைகை மறையவில்லை. 2020இல் பள்ளி மாணவர்கள் தேசிய கீதம் ஒலிக்கையில் மூன்று விரல்களை உயர்த்தினர்.

மியான்மர்

2021 பிப்ரவரி 1 அன்று மியான்மரில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபின், மருத்துவப் பணியாளர்களும் இளைஞர்களும் இச்சைகையை ஏற்றனர். பிப்ரவரி 26 அன்று ஐ.நா. பொதுச்சபையில் அந்நாட்டுத் தூதர் கியாவ் மோ துன் மூன்று விரல்களை உயர்த்தினார். மறுநாள் அவர் பதவி நீக்கம் செய்யப்பட்டதாக இராணுவ அரசு அறிவித்தது. சுட்டுக் கொல்லப்பட்ட இளையோரின் இறுதி ஊர்வலங்களிலும் துயருற்றோர் இவ்வணக்கத்தையே செய்தனர்.

முடிவுரை

ஒரு சைகைக்கு ஆற்றல் தருவது அது தோன்றிய நூல் மட்டுமன்று. அதைச் செய்வோர் ஏற்கும் இடரும் ஆகும். தடை அச்சைகையின் பொருளை அழிக்கவில்லை. எதிர்ப்பு என்று உறுதிப்படுத்தியது. மியான்மரின் இறுதி ஊர்வலங்களில், முதல் நூலின் பிரிவுத் துயரும் தொடர்ச்சியின் கிளர்ச்சியும் ஒரே கையசைவில் இணைந்தன.