72,000 ரூபாயும் இரண்டு மாநிலங்களும்

ஒரு திட்டத்தை நிறுத்த அரசாணை வேண்டும். அதைச் சுருக்க ஒன்றும் வேண்டாம். கொடுக்கும் தொகையைத் தொடாமல் விட்டால் போதும். சிமென்ட் விலையும் கம்பி விலையும் கொத்தனார் கூலியும் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

கிராமப்புற ஏழைகளுக்கான பிரதமரின் வீட்டுத் திட்டத்துக்கு இதுதான் நேர்ந்திருக்கிறது. இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டத்துக்குப் பதிலாக 2016இல் இது வந்தபோது, சமவெளிப் பகுதியில் ஒரு வீட்டுக்கு 1.20 லட்சம் ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். 2024 ஆகஸ்டில் ஒன்றிய அமைச்சரவை மேலும் 2 கோடி வீடுகளுக்கு ஒப்புதல் தந்து திட்டத்தை 2029 வரை நீட்டித்தது. ஒரு வீட்டுக்கான தொகை மட்டும் அதே 1.20 லட்சத்தில் நின்றது.

பழைய திட்டத்தில் செலவில் 75 விழுக்காட்டை ஒன்றிய அரசு ஏற்றது. இப்போது 60 விழுக்காடு. ஆக, ஒரு வீட்டுக்கு டெல்லியிலிருந்து வருவது 72,000 ரூபாய். கட்ட வேண்டியதோ குறைந்தது 25 சதுர மீட்டர், அதாவது சுமார் 270 சதுர அடி. இந்த 72,000 ரூபாயை வைத்துக்கொண்டு தமிழ்நாடும் கேரளமும் என்ன செய்தன என்று அருகருகே வைத்துப் பார்த்தால், பற்றாக்குறையை அடைப்பதில் இரண்டு வழிகள் தெரிகின்றன. இரண்டு வழிகளும் ஒரே இடத்தில் போய் முட்டிக்கொள்வதும் தெரிகிறது.

பணம் யாருடையது?

தமிழ்நாட்டு வழி, கூரையில் தொடங்கியது. 1.20 லட்சத்தில் காங்கிரீட் தளம் போட முடியாது என்பதால், கூரைச் செலவு என்ற பெயரில் மாநில அரசு தன் பங்காக முதலில் 50,000 ரூபாய் சேர்த்தது. பிறகு அதை 1.20 லட்சமாக உயர்த்தியது. மொத்தம் 2.40 லட்சம். இதில் மாநிலத்தின் பணம் 1.68 லட்சம். திட்டத்தின் பெயர் பிரதமருடையது. பத்தில் ஏழு பங்கு பணம் மாநிலத்துடையது. அதுவும் போதாமல் 2024இல் மாநிலத்தின் சொந்தத் திட்டமாகக் கலைஞரின் கனவு இல்லம் வந்தது. வீட்டுக்கு 3.50 லட்சம், 360 சதுர அடி, 2030க்குள் 8 லட்சம் வீடுகள், முதல் ஆண்டில் 1 லட்சம் வீடுகளுக்கு 3,500 கோடி ரூபாய் என்று பட்ஜெட்டில் வைத்தார்கள்.

கேரளம் வேறு மாதிரி போனது. இருந்த வீட்டுத் திட்டங்களையெல்லாம் லைஃப் மிஷன் என்ற ஒரே குடையின் கீழ் கொண்டுவந்து, வீட்டுக்கு 4 லட்சம் என்று உயர்த்தியது. பழங்குடிக் குடியிருப்புகளில் 6 லட்சம். அந்த 4 லட்சத்தில் ஒன்றியப் பங்கான 72,000 என்பது 18 விழுக்காடு. மீதிக்கு மாநில நிதி, ஊராட்சிகளின் திட்ட நிதி, ஒன்றிய அரசின் வீட்டுவசதிக் கடன் நிறுவனமான ஹட்கோவின் கடன் மூன்றையும் சேர்த்தார்கள். வட்டியை மாநிலம் ஏற்கும். அசலை உள்ளாட்சிகளின் வருங்கால நிதியில் கழித்துக்கொள்ளும் ஏற்பாடு.

பயனாளியின் கையில் சேரும் தொகையை மட்டும் பார்த்தால் கேரளம் முந்துகிறது. பாரத்தை யார் தோளில் வைத்தார்கள் என்று பார்த்தால் தராசு மாறுகிறது. தமிழ்நாட்டு ஊராட்சி வீட்டுக்காகக் கடனாளியாகவில்லை. கேரள ஊராட்சி, நாளைய ரோட்டுக்கும் குடிநீருக்கும் வைத்திருக்க வேண்டியதை இன்றைய சுவருக்குக் கொடுக்கிறது. கடன் வாங்கும் வழியும் பின்னால் குறுகிவிட்டது. பட்ஜெட்டுக்கு வெளியே மாநில நிறுவனங்கள் வாங்கும் கடனையும் மாநிலத்தின் கடன் வரம்பில் ஒன்றிய அரசு சேர்த்ததை எதிர்த்து, கேரளம் 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் போனது. 2024 ஏப்ரலில் வழக்கு அரசியல் சாசன அமர்வுக்கு மாறியது. வரிப் பகிர்விலும் அடி. 14ஆவது நிதிக்குழு கேரளத்துக்கு 2.5 விழுக்காடு தந்தது; 15ஆவது நிதிக்குழு 1.925 ஆகக் குறைத்தது.

பட்டியலும் பெயரும்

லைஃப் மிஷன் செய்த நல்ல காரியம் எங்கே தொடங்குவது என்று தீர்மானித்ததுதான். முதல் கட்டமாக, முந்தைய திட்டங்களில் பணம் தீர்ந்துபோய் பாதியில் நின்ற வீடுகளை எடுத்தார்கள். அப்படி 50,000க்கும் மேற்பட்ட வீடுகளுக்குக் கூரை ஏறியது. இரண்டாம் கட்டம் நிலமிருந்தும் வீடில்லாதவர்களுக்கு. மூன்றாவது நிலமும் இல்லாதவர்களுக்கு.

தமிழ்நாட்டில் தொடர்ச்சிக்குப் பதில் பெயர்ப்பலகைதான் மாறிக்கொண்டிருந்தது. 2010இல் 21 லட்சம் குடிசைகளைக் கணக்கெடுத்து, ஆறு ஆண்டுகளில் காங்கிரீட் வீடாக்குவோம் என்று கலைஞர் வீடு வழங்கும் திட்டம் கிளம்பியது. 2011இல் ஆட்சி மாறியதும் அது நின்று, 300 சதுர அடி பசுமை வீடு வந்தது. 2024இல் கனவு இல்லம். ஒவ்வொரு பெயர் மாற்றத்திலும் புதுப் பட்டியல், புது அளவு, புது விண்ணப்பம். லிண்டல் மட்டத்தில் நின்ற வீட்டுக்காரர் எந்தப் பட்டியலுக்கும் சொந்தமில்லாதவர் ஆகிறார். குடிசையில் இருப்பவராகவும் அவரைக் கணக்கிட முடியாது; வீடு உள்ளவராகவும் முடியாது.

வீட்டின் மேல் யார் பெயர் என்பதும் ஒரு கேள்வியானது. ஒன்றியத் திட்டத்தின் சின்னத்தைச் சுவரில் வைக்கச் சொன்னதற்குக் கேரளம் மறுத்தது; தர்மத்துக்குக் கட்டிய வீடு என்று நெற்றியில் எழுதுவதுபோல் ஆகும் என்பது அதன் வாதம். இதற்குப் பின்னால் ஒரு பழைய காயம் இருக்கிறது. 1972இல் எம்.என்.கோவிந்தன் நாயர் அமைச்சராக இருந்தபோது தொடங்கிய லட்சம் வீடு திட்டம் அந்தக் காலத்துக்குப் பெரிய சாதனை. ஆனால் ஒரே சுவரைப் பங்கிட்டு நின்ற அந்த இரட்டை வீடுகள், 'லட்சம் வீடு காலனி' என்ற பெயரில் அங்கே குடியிருந்தவர்களுக்கு அடையாளக் குறியாகிப்போயின. நம் ஊரில் 'தொகுப்பு வீடு' என்று சொல்லும்போது தொனிப்பதும் அதுவே. தளத்தின் காரை பெயர்ந்து கம்பி தெரியும் வீடு என்றும், எந்தத் தெருக்காரர் வீடு என்றும் சேர்த்தே அந்தச் சொல் சொல்லிவிடும்.

நிலத்தில் முட்டுவது

இரண்டு வழிகளும் முட்டிக்கொள்ளும் இடம் மனை. கேரளத்தில் 1970 முதல் நடைமுறைக்கு வந்த நிலச்சீர்திருத்தம், பிறர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த குடிகிடப்புக்காரர்களுக்கு ஊராட்சிப் பகுதியில் 10 சென்ட் வரை வாங்கும் உரிமையைத் தந்தது. லட்சக்கணக்கான குடும்பங்களுக்குக் காலடி மண் சொந்தமானது. லைஃப் மிஷனின் இரண்டாம் கட்டம் வேகமாக நடந்ததற்கு அரை நூற்றாண்டுக்கு முந்தைய இந்தச் சட்டமும் ஒரு காரணம். அந்தச் சட்டத்துக்கு வெளியே நின்றவர்களிடம் வந்தபோது வேகம் குறைந்தது. அவர்களுக்கு அடுக்குமாடி என்றார்கள். திருச்சூர் மாவட்டத்தின் வடக்காஞ்சேரியில் வெளிநாட்டு உதவியோடு எழுந்த கட்டடம் முறைகேட்டுப் புகாரில் பாதியில் நின்றது. பிறகு, மனமுவந்து கொஞ்சம் மண் தாருங்கள் என்று வசதியுள்ளவர்களிடம் கேட்கும் இயக்கத்தை அரசே நடத்தியது.

தமிழ்நாட்டிலும் 1971இல் குடியிருப்பு மனைச் சட்டம் வந்தது. விவசாயத் தொழிலாளர்கள் குடியிருக்கும் மனை அவர்களுக்கே என்றது அது. ஆனாலும் டெல்டா ஊர்களில் கோயில் நிலத்திலும் மடத்து நிலத்திலும் அடிமனை வாடகை கட்டியபடி தலைமுறைகளாகக் குடியிருப்பவர்களுக்குப் பட்டா இல்லை. வாய்க்கால் புறம்போக்கில் இருப்பவர்களுக்கும் இல்லை. கனவு இல்லம் பட்டா கேட்கிறது. குடிசை இருக்கிறது, ஆள் இருக்கிறார், தேவை இருக்கிறது. மனை அவர் பெயரில் இல்லாததால் 3.50 லட்சம் அவர் வாசலைத் தாண்டிப் போகிறது.

ஒப்பிட்டு முடித்தால் கிடைக்கும் தீர்ப்பு இது. தொகையிலும் பட்டியல் ஒழுங்கிலும் கேரளம் மேல். கடனை ஊராட்சித் தலையில் ஏற்றாமல் பட்ஜெட்டிலிருந்து கொடுத்ததில் தமிழ்நாடு மேல். நிலமில்லாதவர் விஷயத்தில் இரண்டும் தோற்றன. இரண்டும் தம் பணத்தைப் போட்டுச் சமாளித்ததால்தான் ஒன்றிய அரசின் சுருக்கல் இங்கே கண்ணுக்குத் தெரியவில்லை. கையில் பணமில்லாத மாநிலத்தில் அந்தப் பள்ளத்தை நிரப்புவது பயனாளியின் வட்டிக் கடனும் அடகு வைத்த தோடும்தான்.

அரசு தன் அலுவலகத்தைக் கட்டும்போது பொதுப்பணித் துறையின் அந்தந்த ஆண்டு விலைப்பட்டியலைப் பார்த்து மதிப்பீடு போடுகிறது. ஏழையின் வீட்டுக்கு மட்டும் 2016ஆம் ஆண்டு விலை. இந்த ஒரு முரணைக் கேள்வியாக்கினால் போதும். அடுத்த கிராம சபையில் இரண்டு தீர்மானங்களைக் கேளுங்கள். வீட்டுத் தொகை ஆண்டுதோறும் அந்த விலைப்பட்டியலோடு சேர்ந்து உயர வேண்டும் என்பது ஒன்று. பட்டா இல்லை என்று தள்ளப்பட்டவர்களின் பெயர்களைத் தனிப் பட்டியலாகச் சபையில் வாசித்து, மனைக்கு வழி என்ன என்பதை அதிகாரிகள் எழுத்தில் சொல்ல வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டும் தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.