ஏற்பி இல்லாத திசுவின் சாட்சியம்: ஜி.எல்.பி-1 ஏற்பி ஆய்வில் எதிர்ப்பொருளின் நம்பகம்

இந்திய நீரிழிவு மருத்துவத்தின் தொடக்க வரலாறு வடசென்னையைச் சேர்ந்தது. பேராசிரியர் எம். விசுவநாதன் 1948-இல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார். பின்னர் அவர் இராயபுரத்தில் நிறுவிய மையத்திலிருந்துதான் இராமச்சந்திரன் குழுவினரின் நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006-இல் வெளிவந்தது. நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். உணவையும் உடலுழைப்பையும் திருத்திக்கொண்ட குழுவில் 39.3 விழுக்காட்டினர் நோயாளிகளாயினர். இந்த எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவுசெய்ய இயலாது. ஒப்பீட்டுக் குழுவில் அது 55 விழுக்காடு என்று அறிந்த பிறகே அதற்குப் பொருள் உண்டாகிறது. நீரிழிவு ஆராய்ச்சி மனிதரைவிட்டுச் செல்லுக்கும் ஏற்பிக்கும் இறங்கும்போது ஒப்பீடு என்னும் ஒழுக்கம் தளர்ந்துபோகிறது. ஏற்பியைக் காட்டும் எதிர்ப்பொருளுக்கும் ஒப்பீட்டுக் குழு வேண்டும். அது ஏற்பியே இல்லாத திசு.

ஜி.எல்.பி-1 என்னும் ஹார்மோன் குடலில் மட்டுமன்றி மூளைத்தண்டின் நரம்புச் செல்களிலும் சுரக்கிறது. அங்கே பசியடக்கும் நரம்புப் பெப்டைடாக அது இயங்குகிறது. அதன் ஏற்பி செல்சவ்வை ஏழு முறை ஊடுருவி நிற்பது. பெரும்பகுதி சவ்வுக்குள் புதைந்திருப்பதாலும், திசுவில் அதன் அளவு மிகக் குறைவு என்பதாலும், இனமொத்த ஏற்பிகள் பல இருப்பதாலும் அதை மட்டும் பற்றும் எதிர்ப்பொருளை உருவாக்குவது கடினம். 2013-இல் டிரக்கர் என்னும் ஆய்வாளரின் ஆய்வகம், ஏற்பியின் மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளின் திசுக்களைக் கொண்டு, பரவலாகப் புழங்கிய எதிர்ப்பொருள்களைச் சோதித்தது. ஏற்பி இல்லாத எலியின் திசுச் சாற்றிலும், புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் அதே அளவுப் பட்டைகள் தோன்றின. ஏற்பியை வைத்திருந்த எலியில் கண்ட பட்டை ஏற்பிதான் என்று இனி எப்படிச் சொல்வது?

இதற்கு மூன்று மறுப்புகள் எழலாம். பல கட்டுரைகள் அதே எதிர்ப்பொருளில் ஒரே முடிவைக் கண்டுள்ளனவே என்பது முதலாவது. ஒரே பிழையான கருவியைப் பலர் பயன்படுத்தினால் பிழையும் ஒரேபோல்தான் திரும்ப வரும். அதை உறுதிப்பாடு என்று கொள்ள முடியாது. இரண்டாவது, எதிர்ப்பொருளை உருவாக்கப் பயன்பட்ட பெப்டைடை முன்கூட்டியே கலந்தால் பட்டை மறைகிறதே என்பது. இச்சோதனை ஆய்வகங்களில் பெரிதும் நம்பப்படுகிறது. ஆனால் அது காட்டுவதெல்லாம் எதிர்ப்பொருள் அந்தப் பெப்டைடைப் பற்றுகிறது என்பதையே. அதையொத்த வரிசை வேறொரு புரதத்தில் இருந்து பட்டை அதனால் வந்திருந்தாலும், அந்தப் பட்டையும் மறைந்துதான் போகும். மூன்றாவது மறுப்பு நியாயமானது: மரபணு நீக்கிய எலிகளை வளர்க்கச் சிறிய ஆய்வகங்களுக்குப் பணமும் இடமும் இல்லை. ஆனாலும் ஏற்பி இயல்பாக இல்லாத ஒரு செல்வகையில் அதன் மரபணுவைச் செலுத்தி, செலுத்தாத செல்களோடு அருகருகே பட்டையை ஒப்பிட எவராலும் முடியும். அது முழுச் சோதனை ஆகாது. ஆயினும் அதில் தோற்கும் எதிர்ப்பொருளை நோயாளியின் திசுவுக்குக் கொண்டுசெல்ல வேண்டியதில்லை.

மனிதத் திசுவில் மரபணுவை நீக்க இயலாது. வேறொரு சாட்சி வேண்டும். 2014-இல் பைக் என்னும் ஆய்வாளரும் அவர் குழுவினரும் ஒற்றைக் குல எதிர்ப்பொருள் ஒன்றை விரிவாகச் சோதித்து, கதிரியக்க அயோடின் ஏற்றிய ஜி.எல்.பி-1 திசுவில் எங்கே ஒட்டுகிறது என்பதோடும் சேர்த்துப் பார்த்தனர். சிறுநீரகத்தில் ஏற்பி தமனிச் சுவரின் மென்தசைச் செல்களில் மட்டுமே தென்பட்டது. சிறுநீரக நுண்குழாய்ச் செல்களில் ஏற்பியைக் கண்டதாக முன்பு எழுதியவர்களின் விளக்கங்கள் இங்கே மறுபரிசீலனைக்கு வருகின்றன. இவ்வேற்பியைத் தூண்டும் எடைக்குறைப்பு ஊசிகள் 2025-இல் இந்தியச் சந்தைக்கு வந்துவிட்டன. சிறுநீரகம் பழுதுபட்ட நீரிழிவு நோயாளிக்கு அம்மருந்து தரும் நன்மை இரத்தக்குழாய் வழியாகவா, நுண்குழாய் வழியாகவா என்று விளக்க முனையும் எந்த ஆய்வும், தன் எதிர்ப்பொருள் ஏற்பியற்ற திசுவில் என்ன காட்டியது என்பதை முதற்படமாகவே வெளியிட வேண்டும்.