இலைவிதான மழைநீர் அளவீடு

பெய்யும் மழையில் ஒரு பங்கு இலைகளும் கிளைகளும் சேர்ந்த விதானத்தில் தங்கி, மண்ணைத் தொடாமலே ஆவியாகிவிடுகிறது. இந்த நீரை ரேடார், நுண்ணலைக் கதிர்மானி முதலிய தொலையுணர்வுக் கருவிகளின் துணையோடு கணக்கிடுவதே இலைவிதான மழைநீர் அளவீடு. மரங்கள் ஒரு நேரத்தில் பிடித்துவைப்பது பெரும்பாலும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். ஆனால் 1 மில்லிமீட்டர் என்பது ஒரு ஹெக்டேரில் 10,000 லிட்டர். இலை காய்ந்து மறுபடி நனையும் ஒவ்வொரு முறையும் இந்தச் செலவு உண்டு.

தரையில் அளக்கும் முறை பழையது. வெட்டவெளியில் பெய்த மழையிலிருந்து மரத்தடியில் சொட்டியதையும் அடிமரம் வழியே வழிந்ததையும் கழித்தால் மிஞ்சுவது விதானம் பிடித்தது. ஒரு தோப்புக்கு இது போதும்; பெருங்காட்டுக்குப் போதாது.

நுண்ணலைகளுக்கு நீர் துலக்கமாகத் தெரியும். நனைந்த விதானம் ரேடார் அலையை உலர்ந்ததைவிட வலுவாகத் திருப்பி அனுப்புவதும், தரையிலிருந்து எழும் நுண்ணலையைத் தடுப்பதும் அதனால்தான். ஏறத்தாழ 5.6 செ.மீ. நீளமுள்ள சி-பட்டை அலை மேல் இலைகளோடு நின்றுவிடும். 24 செ.மீ. எல்-பட்டை அலை கிளைகளுக்குள்ளும் புகும். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார் செயற்கைக்கோளில் எல், எஸ் ஆகிய இரு பட்டைகளும் உள்ளன.

சிக்கல் காலத்தில் இருக்கிறது. இலைநீர் சில மணி நேரத்தில் உலர்ந்துவிடும். நிசார் அதே பாதைக்குத் திரும்ப 12 நாள் ஆகும். அது கடக்கும் விடியற்பொழுதில் பனித்துளியும் மழைத்துளியைப் போலவே தெரியும். எனவே படத்தை மட்டும் வைத்து அளவு சொல்ல முடியாது. செயற்கைக்கோள் தரும் மழையளவையும் மரப்பரப்பையும் 1979இல் காஷ் என்பவர் வகுத்த கணக்கீட்டு முறையில் இட்டு மதிப்பிடுவதே இன்றைய நடைமுறை.

செயற்கைக்கோள் இல்லாமலும் கதிரால் அளக்கலாம்: பிரிட்டிஷ் நீரியலாளர் இயன் கால்டர், 1986இல் ரைட் என்பவருடன் சேர்ந்து, காமாக் கதிர் விதானத்தில் எவ்வளவு மங்குகிறது என்பதைக் கொண்டு ஊசியிலைத் தோப்பின் மழைநீரை அளந்தார். பெரிய துளிகள் விழும் வெப்பமண்டல மழையை இலைகள் குறைவாகவே தாங்கும் என்று பின்னர் காட்டியவரும் அவரே. கர்நாடகத்தில் அவர் குழு தைலமரங்களை ஆராய்ந்தபோது, ஹொசகோட்டேயில் அவை பெய்த மழையைவிட அதிக நீரை எடுத்தது தெரிந்தது. அங்கே பெருஞ்செலவு வேரில்தான்.

மரம் நீரை எவ்வளவு, எந்த வழியில் எடுக்கிறது என்பது புதுக்கோட்டை மாவட்டத்துக்கு நேரடிக் கேள்வி. தைலமரக் காடுகள் கண்மாய்க்கு வரும் நீரைக் குறைக்கின்றன என்பது இங்குள்ள விவசாயிகளின் நெடுநாள் முறையீடு. ஒப்பிட்டுப் பார்க்க, காசா, வீரை, பாலை வளரும் கோயில்காடுகளும் இதே மாவட்டத்தில் இருக்கின்றன. இலை பிடிக்கும் நீரையும் வேர் உறிஞ்சும் நீரையும் பிரித்தறியாமல் இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. வரும் ஐப்பசி மழையில் கோயில்காட்டில் ஒரு மழைமானி, தைலமரக் காட்டில் ஒன்று, வெட்டவெளியில் ஒன்று என வைத்து, பள்ளி மாணவர்களைக் கொண்டே அளக்கத் தொடங்கலாம்.