ஆழமற்ற கடலில் ஒலி



எதிரொலிப் பாடத்தில் மலையும் கிணறும் எடுத்துக்காட்டுகளாக வருவது வழக்கம். நான் நம் நாட்டுக் கடலையும் சேர்த்துக்கொள்வேன்.

கிளந்தான், திரெங்கானு மீனவரிடையே ‘ஜூரு செலாம்’ எனப்படும் மலாய் வல்லுநர் இருந்தனர். படகின் விளிம்பைப் பற்றித் தலையை நீரில் அமிழ்த்தி, மீன் கூட்டத்தின் ஒலியைச் செவியாலேயே கண்டறிந்து, வலை விரிக்கும் இடத்தைக் காட்டினர்.

தீபகற்பத்தின் கிழக்கே கடலாழம் பெரும்பாலும் 100 மீட்டருக்குள் அடங்கும். இத்தகைய கடலில் ஒலியானது நீர்ப்பரப்பிலும் கடலடியிலும் மாறிமாறி மோதித் தெறித்துச் செல்கிறது. கடலடி மணலாயின் ஒலி பெரிதும் திரும்பும். மென்சேறாயின் பெரும்பகுதி உள்ளிறங்கி மங்கிவிடும்.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அறிஞர் யூவிங்கும் வோர்செலும் ஆழமற்ற கடலில் வெடிவைத்து ஒலியைப் பதிந்தனர். நீர்வழி வந்த ஒலிக்கு முன்பே, கடலடித் தரைவழி விரைந்த ஒலி வந்துசேர்ந்தது! பெக்கெரிஸ் இதற்குக் கணித விளக்கம் தந்தார். மூவரின் ஆய்வும் 1948இல் ஒரே நூலாக வெளிவந்தது. தொலைவிலிருந்தே கடலடியின் தன்மையை அறிய வழி பிறந்தது.

இன்று மீன்தேடும் பணியை எதிரொலிக் கருவிகள் செய்கின்றன. பெக்கெரிசின் கணக்கு ஏட்டில் நிலைத்துவிட்டது. ஜூரு செலாமின் செவியறிவோ கற்பாரின்றித் தேய்கிறது. அதுவும் அறிவியலே என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்வோம்.