தவணை: கொழும்பு நீதிமன்றங்களிற் காத்திருந்த சாட்சிகள்

ஈழத்துத் தமிழ் வழக்கிலே ‘தவணை’ என்னும் சொல் மூன்று இடங்களிற் பயிலக் காண்கிறோம். பள்ளிக்கூட ஆண்டின் பிரிவு தவணை. கடனைப் பகுதி பகுதியாக இறுப்பது தவணை. நீதிமன்றம் வழக்கை ஒத்திவைத்துக் குறிக்கும் நாளும் தவணை. காலத்தை வகுக்கும் அதிகாரம் ஒருவரிடமும், அதற்கு உடன்பட்டு நடக்கும் கடமை வேறொருவரிடமும் இருப்பதே இம்மூன்றுக்கும் பொதுவாகும். வழக்கறிஞருக்குத் தவணை தொழிலின் ஓர் அங்கம். எதிரிக்கு அது சிலவேளைகளில் ஆறுதலாகவும் அமையும். சாட்சிக்கு அது யாது என்பதையே இங்கு நோக்க முனைகிறோம்.

நமது பழைய இலக்கியங்களிலே வழக்குரைக்கும் காட்சிகளுக்குக் குறைவில்லை. சிலப்பதிகாரத்தில் வாயிலோன் உள்ளே சென்று அறிவித்து மீளும் அளவே கண்ணகியின் காத்திருப்பு. அதன்பின் சிலம்பு உடைகிறது; மாணிக்கம் தெறிக்கிறது; தீர்ப்பு அக்கணமே அமைந்துவிடுகிறது. பெரியபுராணத்தில், திருவெண்ணெய்நல்லூர் அவையிலே ஓலையும் கையெழுத்தும் ஒப்புநோக்கப்பட்டு, சுந்தரர் அடிமை என்பது உடனேயே முடிவாகிறது. நிலமானிய சமுதாயத்தின் நீதி உண்மையில் இத்துணை விரைவாயும் நேர்மையாயும் இருந்தது என்று கொள்வது பேதைமை. எனினும், காத்திருத்தல் என்பது நீதியின் ஓர் உறுப்பாக அவ்விலக்கியங்களின் கற்பனையில் இடம்பெறவில்லை என்பது கருதத்தக்கது.

காத்திருப்பைக் குடியேற்றவாத ஆட்சியே ஒழுங்குபடுத்தப்பட்ட நிறுவனமாக்கிற்று. 1801ஆம் ஆண்டுச் சாசனம் இலங்கையில் உயர்நீதிமன்றத்தை நிறுவியது. 1833ஆம் ஆண்டுச் சாசனம் நீதிமன்ற அமைப்பை நாடு முழுவதற்கும் ஒரு சீராக்கியது. கொழும்பு முற்றுகையில் 1656இல் உயிர்நீத்த ஒல்லாந்துத் தளபதி ஹல்ஃப்ட் என்பவரின் பெயரைத் தாங்கிய ஹல்ஸ்டோர்ப் மேடு, கொட்டாஞ்சேனைக்கு அண்மையிலே, நீதியின் தலைநகரமாயிற்று. நம்மவர் அவ்விடத்தைப் புதுக்கடை என்பர். அப்புக்காத்து, பிரக்கிராசி என்ற சொற்கள் யாழ்ப்பாணக் குடும்பங்களின் கனவுகளிற் புகுந்ததும், அத்தொழில்வழியே ஒரு மத்தியதர வர்க்கம் தலைமைக்கு வந்ததும் இதன் விளைவுகளே. தொழில்முறை முதலாளித்துவத்தில் நேரம் எவ்வாறு பணமாயிற்று என்பதை ஆங்கில வரலாற்றாசிரியர் ஈ. பி. தொம்சன் 1967இல் விளக்கினார். நீதிமன்றத்திலோ வழக்கறிஞரின் நேரத்துக்கு விலை உண்டு. அழைப்பாணைக்குப் பணிந்து வந்த கமக்காரனின் நேரத்துக்கு ஒரு சிறு படிக்காசு மாத்திரமே உண்டு. வராவிட்டாற் பிடியாணை.

சுதந்திரத்தின் பின்னர் ஆங்கிலத்தின் இடத்தை மக்களின் மொழி பெறும் என்றனர். பெற்றது, ஆயின் ஒரு சாராரின் மொழியே பெற்றது. 1961ஆம் ஆண்டின் நீதிமன்ற மொழிச் சட்டம் சிங்களத்துக்கு வழிவகுத்தது. 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பு அதனை உறுதி செய்தது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பிலும் அதன் பின்வந்த திருத்தத்திலும் தமிழுக்கு வடக்கு, கிழக்கு நீதிமன்றங்களில் இடங் கிடைத்தது. கொழும்பில் தமிழ்ச் சாட்சிக்குக் கிடைப்பது மொழிபெயர்ப்பாளர் ஒருவரே. தன் வாக்கு எவ்வாறு பதிவாகிறது என்பதைத் தானே அறியாமற் கூண்டில் நிற்பவரின் நிலையைச் சட்ட நூல்கள் பேசுவதில்லை.

இப்பின்னணியிலே மிருசுவில் வழக்கை நோக்கலாம். 2000ஆம் ஆண்டு டிசம்பர் 19ஆம் திகதி, இடம்பெயர்ந்திருந்த தமிழர் சிலர் தம் வீடு வளவுகளைப் பார்க்கச் சென்றபோது இராணுவத்தினராற் பிடிக்கப்பட்டனர். சிறுவர் உட்பட எண்மர் கொல்லப்பட்டனர். ஒருவர் தப்பினார். அவர் சொன்ன செய்தியே விசாரணைக்கு வழி திறந்தது. வழக்கோ யாழ்ப்பாணத்தில் நடைபெறவில்லை; கொழும்பு மேல் நீதிமன்றத்தில், மூன்று நீதிபதிகள் கொண்ட விசேட அமர்வின் முன்னர் நடைபெற்றது. தீர்ப்பு 2015 யூன் 25இல் வந்தது. பதினான்கரை ஆண்டுகள்! கொலை நடந்த ஆண்டிற் பிறந்த குழந்தை அதற்குள் பத்தாம் வகுப்பை எட்டியிருக்கும்.

அந்த ஆண்டுகள் வெற்று ஆண்டுகளல்ல. 2006 ஆகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டது. யாழ்ப்பாணத்தவர் கொழும்புக்கு வருவதற்குக் கப்பலோ விமானமோ, அதற்கு மேலாக இராணுவ அனுமதியோ வேண்டியதாயிற்று. வந்தவர் தங்குமிடம் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை ஆகிய இடங்களின் லொட்ஜுகள். 2007 யூன் 7ஆம் திகதி அதிகாலையில் அவ்விடுதிகளிற் பொலிசார் புகுந்து 376 தமிழரைப் பஸ்களில் ஏற்றி வடக்கு, கிழக்குக்கு அனுப்பினர். தகுந்த காரணமின்றித் தங்கியிருப்போர் என்பதே அதிகாரிகள் கூறிய நியாயம். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவின்மீது மறுநாளே உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பிரதமர் பின்னர் வருத்தமும் தெரிவித்தார். மருத்துவத்துக்கும் வெளிநாட்டுப் பயண ஒழுங்குக்கும் வழக்குக்குமாகக் கொழும்பிலே காத்திருப்பதையே தொழிலாகக் கொள்ளவேண்டியிருந்த ஒரு மக்கட் கூட்டத்தினரிடம், ‘ஏன் இங்கிருக்கிறீர்?’ என்று அரசு கேட்டது. புதுக்கடையில் ‘வா’ என்கிறது அழைப்பாணை. வெள்ளவத்தையில் ‘போ’ என்கிறது பொலிஸ். இரண்டும் ஒரே அரசின் குரல்கள்.

நீதிமன்றத்தின் உள்ளேயும் இம்முரண் தொடர்கிறது. பிற சாட்சிகளின் வாக்குமூலத்தைக் கேட்டல் ஆகாது என்பதனாற் சாட்சி தன் முறை வரும்வரை வெளியே நிறுத்தப்படுகிறார். விதி நியாயமானதே. ஆயின் வெளியே என்பது சனம் நெருங்கிய நடைகூடம். பிணையில் உள்ள எதிரியும் அவர் உறவினரும் நிற்பதும் அங்கேதான். தம் பெயர் வேற்று நாவிலே சிதைந்து ஒலிக்கும்போது அதனை இனங்காண வேண்டும். ஒலிக்காத நாளில் அடுத்த தவணையைக் கேட்டுக்கொண்டு திரும்ப வேண்டும். சாட்சிகளுக்கான பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது 2015இல், மிருசுவில் தீர்ப்புக்குச் சில மாதங்கள் முன்னர்தான். வழக்கேட்டில் சாட்சி சொன்னவை உள்ளன. அவர் காத்திருந்த நாட்களுக்கு அதிற் பக்கம் இல்லை. வரலாறு எழுதுவோர் வழக்கேட்டை மாத்திரம் நம்புவராயின் பாதியையே எழுதுவர்.

எதிரிகள் ஐவருள் நால்வர் விடுதலையாக, சார்ஜன்ட் சுனில் ரத்நாயக்கவுக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. 2019இல் உயர்நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. 2020 மார்ச் 26ஆம் திகதி, கொரோனா ஊரடங்கில் நாடு முடங்கியிருந்த வேளையில், சனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ அவருக்குப் பொதுமன்னிப்பு வழங்கினார். மரணதண்டனைக் கைதிக்கு மன்னிப்பளிக்குமுன் யாரைக் கேட்கவேண்டும் என்பதை அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரை கூறுகிறது: விசாரித்த நீதிபதியின் அறிக்கை, சட்டமா அதிபரின் ஆலோசனை, நீதி அமைச்சரின் பரிந்துரை. சாட்சியை அழைக்க வேண்டும் என்று அதில் இல்லை.