தேர்த்துகள் பிறந்த கதை

2323824530227200000000. இருபத்திரண்டு இலக்கம். ஒன்றை இத்தனை கூறாக்கினால் ஒரு கூறுக்குப் பழைய எண்சுவடி வைத்த பெயர் தேர்த்துகள்.

இது வயலில் பிறந்த எண். மயிலாடுதுறைப் பக்கம் பத்திரத்தில் ஹெக்டேர் இருந்தாலும் வாய்ப்பேச்சில் மா, குழிதான். நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. வேலியை இருபதாக்கினால் மா, அதை நாலாக்கினால் காணி, அதையும் நாலாக்கினால் முந்திரி: 320-இல் ஒன்று. முந்திரியை மறுபடி 320 ஆக்கினால் கீழ்முந்திரி, அதாவது 1,02,400-இல் ஒன்று. இவ்வளவு நுணுக்கம் வெறும் விளையாட்டில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் ஊர் ஊராக நிலத்தை முந்திரி, அதற்கும் கீழான பின்னம் வரை கணக்கிட்டு எழுதியிருக்கின்றன. வரி நெல் அந்தக் கணக்கில்தான் வந்தது.

ஆனால் 1,02,400-இன் பகாக் காரணிகள் 2, 5 இரண்டே. மூன்று அண்ணன் தம்பிகள் ஒரு வேலியைப் பிரித்துக்கொண்டால் கீழ்முந்திரியிலும் மிச்சம் விழும். அடுத்த படியில் இது தீர்கிறது. கீழ்முந்திரியை 21 ஆக்கினால் இம்மி. 21 என்பது மூவேழு. 3, 7 இரண்டும் ஒரே படியில் நுழைந்துவிடுகின்றன. இப்போது மூன்றில் ஒரு பங்கு சுத்தமாக 7,16,800 இம்மி. வாய்பாட்டை அமைத்தவர்கள் 21-ஐத் தெரிந்தே வைத்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இதற்குப் பின் நில அளவைக்கு வேலையில்லை, மனப்பாடத்துக்குத்தான் வேலை. சுவடிக்குச் சுவடி சில படிகள் மாறும். அச்சில் பரவலாக உள்ள வரிசை இது. இம்மியை 11 ஆக்கினால் மும்மி. பிறகு 7, 9, 5, 6, 7, 17, 14 என்று அணு, குணம், பந்தம், பாகம், விந்தம், நாகவிந்தம், சிந்தை. 20-இல் கதிர்முனை, 40-இல் குரல்வளைப்படி, 60-இல் வெள்ளம், 100-இல் நுண்மணல். கடைசியில் நுண்மணலை ஆறரை ஆக்கினால் தேர்த்துகள். அந்த அரைதான் அழகு: ஆறரை என்பது பதின்மூன்றில் பாதி, ஆகவே ஒரு 2 கழன்றுகொள்ள, அதுவரை இல்லாத 13 உள்ளே வருகிறது.

வேலி ஏறக்குறைய 6.6 ஏக்கர். அதில் ஒரு தேர்த்துகள் நிலம் என்றால், பக்கத்துக்கு மூன்றரை நானோமீட்டர்கூட இல்லாத சதுரம். நாற்று நட முடியாது. பத்துப் பன்னிரண்டு நீர் மூலக்கூறுகளை வரிசையாக வைக்கலாம்.

எண்ணைப் பிரித்துப் பார்த்தால் 2 இருபத்திரண்டு தடவை, 3 ஐந்து, 5 எட்டு, 7 நான்கு, 11, 13, 17 ஒவ்வொரு தடவை. அடுக்கு ஒவ்வொன்றோடும் ஒன்று கூட்டிப் பெருக்கினால் வகுஎண்களின் எண்ணிக்கை: 23 × 9 × 6 × 5 × 2 × 2 × 2 = 49,680.

மயிலாடுதுறையில் இரயிலேறினால் மேற்கே ஒரு மணி நேரத்துக்குள் வரும் கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன், 1915-இல் லண்டன் கணிதக் கழக இதழில் இதைப் போன்ற எண்களைப் பற்றித்தான் எழுதினார். தன்னைவிடச் சிறிய எந்த எண்ணைக் காட்டிலும் அதிக வகுஎண்கள் உள்ள எண்கள் அவை. அவர் பட்டியலின் கடைசி எண் 6746328388800. பதின்மூன்றே இலக்கம், வகுஎண்கள் 10,080. அத்தகைய எண்ணில் பகா எண் பெரிதாகப் பெரிதாக அடுக்கு ஏறவே கூடாது என்று அவர் நிறுவினார். தேர்த்துகள் எண் அங்கே தோற்றுப்போகிறது: 3-க்கு ஐந்து, 5-க்கு எட்டு. இரண்டையும் இடம் மாற்றினால் எண் நாலரை மடங்குக்கு மேல் சிறுத்துவிடும். வகுஎண்கள் அதே 49,680.

பரீட்சைக்கு வராத காரியத்தில் அது கெட்டி. 1 முதல் 18 வரை எந்த எண்ணாலும் மிச்சமின்றி வகுபடும். பங்காளிகள் பத்தொன்பது பேராக இருந்தாலோ, தேர்த்துகள் வரை இறங்கினாலும் கணக்கு முடியாது.