தொட்டிக்கு முன்னால் நின்றவர்கள்: பண்ணை வீட்டு சிங்க்கின் கதை

சமையலறைக்கு ஒரு சிங்க் வாங்குவதில் என்ன பெரிய வரலாறு இருந்துவிடப் போகிறது? கடைக்குப் போக வேண்டியது, பளபளப்பாக இருப்பதைக் காட்டச் சொல்ல வேண்டியது, விலை கேட்டு பேரம் பேச வேண்டியது. அவ்வளவுதானே!

அவ்வளவு இல்லை. இன்று "ஃபார்ம்ஹவுஸ் சிங்க்" என்று விற்கப்படும் பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். அகலமான, ஆழமான ஒரே தொட்டி. அதன் முன்பக்கச் சுவர் மேடைக்குள் மறைந்திருக்காமல், சமையல்காரர் கட்டும் ஏப்ரன் போல வெளியே தெரியும். முன்பு பீங்கான் போன்ற வெள்ளைக் களிமண்ணில் வந்துகொண்டிருந்த இந்த வடிவம், இப்போது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் கிடைக்கிறது. அந்த வடிவத்துக்கு ஒரு வரலாறு உண்டு, அந்த உலோகத்துக்கு வேறொரு வரலாறு உண்டு. இரண்டையும் தெரிந்துகொண்டால், எதை வாங்குவது என்ற கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

குழாய் இல்லாத காலத்துத் தொட்டி

இந்தத் தொட்டி ஏன் இவ்வளவு பெரிதாக இருந்தது? காரணம் எளிமையானது. அப்போது வீட்டுக்குள் குழாய் கிடையாது. கிணற்றிலிருந்தோ அடிபம்பிலிருந்தோ வாளி வாளியாகச் சுமந்து வந்த தண்ணீரைக் கொட்டி வைத்துத்தான் பாத்திரம் கழுவ வேண்டும். காய்கறி அலசுவது, கோழி சுத்தம் செய்வது, துணி ஊறவைப்பது, குழந்தையைக் குளிப்பாட்டுவது எல்லாமே அந்த ஒரே தொட்டியில்தான்.

பிரிட்டனில் இதற்கு இரண்டு பெயர்கள் பிரபலம். ஒன்று பெல்ஃபாஸ்ட் சிங்க், மற்றது லண்டன் பட்லர் சிங்க். பெல்ஃபாஸ்ட் தொட்டியில் மேல்விளிம்புக்கு அருகே தண்ணீர் வழிந்தோட ஒரு வழி இருக்கும். லண்டன் தொட்டியில் அது இருக்காது. லண்டனில் தண்ணீருக்குத் தட்டுப்பாடு, ஒரு சொட்டையும் வீணாக்க விடவில்லை என்பது இதற்குச் சொல்லப்படும் வழக்கமான விளக்கம். 19ஆம் நூற்றாண்டு லண்டனில் தனியார் கம்பெனிகள்தான் தண்ணீர் விற்றன என்பதும், பல பகுதிகளில் நாளில் சில மணி நேரம் மட்டுமே தண்ணீர் வந்தது என்பதும் உண்மை. எனவே அந்த விளக்கத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது.

அந்த நாட்டின் பெரிய மாளிகைகளில் தொட்டிகளுக்குள்ளும் ஏற்றத்தாழ்வு இருந்தது! சாப்பாட்டு அறையின் விலையுயர்ந்த பீங்கானும் கண்ணாடியும் பட்லரின் அறையில் கழுவப்பட்டன. அங்கே மரத்தொட்டிக்கு ஈயத் தகடு போர்த்தியிருப்பார்கள். ஈயம் மென்மையானது, கை தவறினாலும் கோப்பையின் விளிம்பு உடையாது. கரி பிடித்த சமையல் பாத்திரங்களோ ஸ்கல்லரி எனப்படும் பின்கட்டு அறைக்குப் போகும். அங்கே கல் தொட்டி. அதன் முன் நிற்பவள் வேலைக்காரர்களிலேயே கடைசிப் படியில் இருந்த சிறுமி. மணலும் சலவைச் சோடாவும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து அவள் கைகள் வெடித்துப் போகும்.

அதாவது, தொட்டியைத் தேர்ந்தெடுத்தவர் வேறு, அதில் கை நனைத்தவர் வேறு. கோப்பை உடையாமல் இருக்க யோசித்த அளவுக்கு, கைகள் வெடிக்காமல் இருக்க யாரும் யோசிக்கவில்லை.

அமெரிக்கப் பண்ணையில்

அமெரிக்காவில் பண்ணை வீட்டின் தொட்டி முன் நின்றது வேலைக்காரி அல்ல, பெரும்பாலும் வீட்டுக்காரியே. சோப்ஸ்டோன் எனப்படும் மாக்கல், பிறகு எனாமல் பூசிய வார்ப்பிரும்பு ஆகியவை அங்கே புழங்கின. விஸ்கான்சினைச் சேர்ந்த ஜான் மைக்கேல் கோலர், 1883ல் பண்ணைகளில் பயன்பட்ட ஒரு வார்ப்பிரும்புத் தொட்டிக்கு எனாமல் பூசி, குளியல் தொட்டியாக விற்ற கதை வணிக உலகில் பிரபலம். மாடு குதிரைகளுக்கான தொட்டியை வீட்டுக்குள் கொண்டுவந்தவர் அவர்!

ஆனால் தொட்டி வந்தது போல் தண்ணீர் வரவில்லை. 1940ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கூட, அமெரிக்க வீடுகளில் ஏறத்தாழ 45 சதவீதத்தில் முழுமையான குழாய் வசதி (குளிர்நீர், வெந்நீர், குளியல் தொட்டி, ஃப்ளஷ் கழிப்பறை எல்லாம் சேர்ந்தது) இல்லை. "பண்ணை வீட்டு சிங்க்" என்ற சொல் இன்று இனிமையாக ஒலிக்கிறது. அன்று அதன் பொருள் வாளியும் முதுகு வலியும்தான்.

ஷெஃபீல்டில் ஒரு தொழிலாளியின் மகன்

இனி உலோகத்தின் கதைக்கு வருவோம். ஹாரி பிரியர்லி 1871ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பிறந்தவர். அப்பா எஃகு உருக்கும் தொழிலாளி. பன்னிரண்டு வயதில் பள்ளியை விட்டவர், தாமஸ் ஃபர்த் கம்பெனியின் ரசாயனக் கூடத்தில் பாட்டில் கழுவும் பையனாகச் சேர்ந்தார். ஆம், அவர் வேலையும் கழுவுவதில்தான் தொடங்கியது.

1913ல் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை, துப்பாக்கிக் குழல்கள் சீக்கிரம் அரித்துப் போகாமல் தடுப்பது. அந்த ஆகஸ்டில் சுமார் 12.8 சதவீதம் குரோமியம் கலந்து ஒரு எஃகை உருக்கினார். மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதற்காக அதை அமிலத்தில் அரிக்க முயன்றபோது, அது அசைந்து கொடுக்கவில்லை. வினிகருக்கும் எலுமிச்சைச் சாற்றுக்கும் கூட கறுக்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் துப்பாக்கியைப் பற்றியே யோசித்திருப்பார்கள். பிரியர்லி ஷெஃபீல்டுக்காரர், கத்தி முள்கரண்டி செய்யும் ஊர். அவருக்குச் சாப்பாட்டு மேசை ஞாபகம் வந்தது.

சுவாரஸ்யம் என்னவென்றால், கம்பெனிக்கு அதில் பெரிய அக்கறை இல்லை. முதலில் செய்து பார்த்த கத்திகளும் சரியாக வரவில்லை. வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று ஊரே கேலி செய்தது. பிறகு எர்னஸ்ட் ஸ்டூவர்ட் என்ற கத்தி உற்பத்தி மேலாளர் அதைச் சரியான சூட்டில் அடித்து வெற்றி கண்டார். "ஸ்டெயின்லெஸ்", அதாவது கறைபடாதது, என்ற பெயரைச் சூட்டியவரும் அவரே. யாருக்கு உரிமை என்ற சண்டையில் பிரியர்லி 1915ல் கம்பெனியை விட்டு வெளியேறினார். அமெரிக்காவில் எல்வுட் ஹெய்ன்ஸ் என்பவரும் அதே உரிமைக்கு வந்து நின்றார். முடிவில் இரு தரப்பும் காப்புரிமைகளை ஒன்றாகச் சேர்த்து லாபத்தைப் பங்கிட்டுக்கொண்டன.

கத்தி எஃகு தொட்டியாகுமா?

பிரியர்லியின் எஃகு கடினமானது. கத்திக்கு அது நல்லது. ஆனால் தகட்டை அழுத்திக் குழித்துத் தொட்டியாக்க வேண்டுமென்றால் உலோகம் விரிசல் விடாமல் நீள வேண்டும். அதற்கான பதில் ஜெர்மனியில் இருந்தது. க்ரூப் நிறுவனத்தின் எடுவர்ட் மவ்ரரும் பென்னோ ஸ்ட்ராஸும் 1912லேயே குரோமியத்தோடு நிக்கலும் சேர்த்த எஃகுக்குக் காப்புரிமை கேட்டிருந்தனர். 1924ல் ஷெஃபீல்டில், பிரியர்லியின் இடத்துக்கு வந்த வில்லியம் ஹாட்ஃபீல்ட், 18 பங்கு குரோமியம், 8 பங்கு நிக்கல் என்ற கலவையை உருவாக்கினார். இன்று கடைகளில் "304" என்று சொல்லப்படுவதும், தட்டுகளின் பின்னால் "18/8" என்று முத்திரை குத்தப்படுவதும் இந்தக் குடும்பம்தான். நம் வீடுகளில் எவர்சில்வர் என்று பெயர் வாங்கியதும் இந்த உலோகமே.

நிக்கல் வேலை என்ன? எஃகை வளைந்து கொடுக்க வைப்பது. குரோமியம் வேலை என்ன? காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலத்தை உண்டாக்குவது. கீறல் விழுந்தால் அந்தப் படலம் தானாகவே மீண்டும் உருவாகும். எனாமல் ஒருமுறை தெறித்துவிட்டால் போயே போச்சு, அடியிலுள்ள இரும்பு துருப்பிடிக்கும். எவர்சில்வருக்கு அந்தக் கவலை இல்லை.

இதற்கிடையே 1930களில் அமெரிக்கச் சமையலறைகளில் மோனல் என்ற நிக்கல்-செம்புக் கலவைத் தொட்டிகளும் கொடிகட்டிப் பறந்தன. அதில் மூன்றில் இரண்டு பங்கு நிக்கல். இரண்டாம் உலகப் போர் வந்ததும் நிக்கல் ஆயுதங்களுக்குத் திருப்பப்பட்டது. போர் முடிந்தபின், மிகக் குறைந்த நிக்கலே தேவைப்பட்ட ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

மறைந்ததும் திரும்பியதும்

1926ல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த ஃபிராங்க்ஃபர்ட் சமையலறை, 1.9க்கு 3.4 மீட்டர் இடத்தில் எல்லாவற்றையும் அடக்கிக் காட்டியது. சுமார் 10,000 குடியிருப்புகளில் அது கட்டப்பட்டது. அதன் வழியில் வந்த தொடர்ச்சியான மேடை, வரிசையான அலமாரிகளுக்கு நடுவே பழைய பெரும் தொட்டிக்கு இடமில்லாமல் போனது. மேடையில் ஓட்டை போட்டு இறக்கும் எவர்சில்வர் சிங்க் வந்தது. பிரிட்டனில் கழற்றி எறியப்பட்ட பெல்ஃபாஸ்ட் தொட்டிகளில் மண்ணை நிரப்பிப் பூச்செடி வளர்த்தார்கள்!

1990களிலும் அதன் பிறகும் பழமை மீது வந்த மோகத்தில் அதே தொட்டி நல்ல விலையோடு உள்ளே திரும்பியது. அப்புறம் இரண்டு வரலாறுகளும் சந்தித்தன: பண்ணை வீட்டு வடிவம், எவர்சில்வர் உடம்பு.

அப்படியானால் எதை வாங்குவது?

முதலில் எடை. உட்புறம் 75 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 25 செ.மீ. ஆழமுள்ள தொட்டியில் ஏறக்குறைய 84 லிட்டர் தண்ணீர் பிடிக்கும், அதாவது 84 கிலோ. இந்த அளவுக்கு 1.2 மில்லிமீட்டர் தகட்டில் செய்த எவர்சில்வர் தொட்டியின் எடை சுமார் ஒன்பது கிலோதான். களிமண் தொட்டியோ காலியாக இருக்கும்போதே நாற்பது ஐம்பது கிலோ இருக்கும். கீழே உள்ள அலமாரி தாங்குமா என்று பார்ப்பது அவசியம்.

அடுத்தது தகட்டின் கனம். கேஜ் எண் குறையக் குறைய தகடு கனமாகும். 16 கேஜ் என்றால் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர், 18 கேஜ் என்றால் சுமார் 1.2. எண் பெரிதாக இருந்தால் உயர்ந்தது என்று நினைத்து ஏமாறுபவர்கள் உண்டு. அடியில் ரப்பர் பட்டை ஒட்டியிருந்தால் பாத்திரம் விழும் சத்தம் குறையும்.

மூன்றாவது, தரம். நிக்கல் தட்டுப்பாட்டு நாட்களில் அதற்குப் பதிலாக மாங்கனீஸ் சேர்த்து வந்தது 200 வரிசை. விலை குறைவு, உப்பை எதிர்க்கும் சக்தியும் குறைவு. காந்தம் ஒட்டவில்லை என்றால் 304தான் என்று கடைகளில் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். 200 வரிசையிலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. தரத்தை பில்லில் எழுதி வாங்குவதே பாதுகாப்பு. 304 ஆனாலும் பிளீச்சிங் திரவத்தை இரவு முழுக்கத் தேங்க விட்டால் புள்ளி புள்ளியாக அரிக்கும்.

நான்காவது, மூலை. கத்தி போன்ற செங்குத்து மூலைகள் பார்க்க அழகு, ஆனால் அங்கேதான் அழுக்கு தங்கும். சிறிது வளைந்த மூலையைத் துடைப்பது சுலபம்.

கடைசியாக உயரம். முன்பக்கத்தில் மேடை விளிம்பு இல்லாததால் தொட்டியை ஒட்டி நிற்க முடியும் என்பதே இந்த வடிவத்தின் உண்மையான லாபம். ஆனால் மேடை 90 செ.மீ. உயரம், தொட்டி 25 செ.மீ. ஆழம் என்றால் அடித்தளம் 65 செ.மீ.யில் இருக்கும். தொட்டியை ஒட்டி நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் விரல்கள் அடியைத் தொட வேண்டும். தொடாவிட்டால் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் முதுகு வளையும். உயரமானவருக்கு ஆழம் குறைந்த தொட்டியோ, உயர்த்திய மேடையோதான் நல்லது.

இந்தச் சோதனையைச் செய்ய வேண்டியவர் பணம் கொடுப்பவர் அல்ல. மாளிகையின் ஸ்கல்லரியில் நின்ற சிறுமியிடம் யாரும் கேட்கவில்லை, பண்ணையில் வாளி சுமந்தவளிடமும் கேட்கவில்லை. இன்று வீட்டில் தினமும் பாத்திரம் கழுவுவது அம்மாவோ, மனைவியோ, வேலைக்கு வரும் அக்காவோ, யாராக இருந்தாலும் சரி, கடைக்கு அவர்களை அழைத்துப் போய் அந்தத் தொட்டி முன் நிற்கச் சொல்லுங்கள். கேஜ் எண்ணை அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.